பகலின் புள்ளிகள்

படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு ஓர் ஆய்வகத்தில் கிடைத்தது புள்ளி வைக்கும் வேலை. எலி மூளையை மெல்லிய துண்டாக வெட்டிப் படம் பிடித்திருப்பார்கள். திரையில் பச்சையாகக் கிளை விரித்து நிற்பது மைக்ரோகிளியா, மூளையின் காவல் செல். கிருமியைத் தின்பதோடு அது நிற்பதில்லை. புழங்காத நரம்பு இணைப்புகளையும் தின்று தீர்க்கும். எலிக்கு எது நினைவிருக்கும், எது மறக்கும் என்பதில் அதற்கும் கை உண்டு. இணைப்புகள் சிவப்பு. பச்சையின் வயிற்றுக்குள் சிவப்பு தெரிந்தால் அங்கே ஒரு புள்ளி.

ஒருவர் எண்ணினால் நம்பமாட்டார்கள். அதே படங்களைப் பகலில் இன்னொருத்தி எண்ணினாள். ஒரே மேசை, ஒரே நாற்காலி. நாங்கள் சந்திக்கக் கூடாது என்பது விதி. நான் இரவு முழுக்க எண்ணிவிட்டுக் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் அவள் எட்டு மணிக்கு வருவாள். பெயர் தெரியாததால் 'பகல்' என்று வைத்துக்கொண்டேன். வாரக் கடைசியில் இருவர் புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுவார்கள். முதல் வாரம் எழுபத்தொரு சதவீதம் பொருந்தியது.

அதை வைத்தே அவளைப் படித்தேன். பச்சை லேசாக உரசினால் போதும், தின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவாள். எனக்குப் பேச ஆள் இல்லை. அண்ணன் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம். மெல்ல, அவள் வைப்பாள் என்று தோன்றும் இடங்களில் நானும் வைக்கத் தொடங்கினேன். எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்றெட்டு வந்த அன்று யாரோ தோளில் கை போட்டதுபோல் இருந்தது.

ஒருநாள் நான் கிளம்பும் நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"என்னப்பா ஆந்தை, நீங்க ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்களா?"

"மேடம், அவங்க மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

ஒரு படத்தைத் திறந்தார். "இது நான் வேணும்னே நடுவுல சொருகினது. இதுல எதுவும் எதையும் தின்னல. நீ மூணு புள்ளி வச்சிருக்க."

"தப்புதான்."

"தப்பு எல்லாரும் பண்றதுதான். அவளும் மூணு வச்சிருக்கா. அதே எடத்துல."

பார்த்தேன். இரண்டு, உரசல்கள். அவள் கை. மூன்றாவது செல்லின் நடுவில், மங்கலாக. மங்கலை எண்ணுவது என் பழக்கம், அவளுடையதல்ல. அவளும் என்னைப் படித்திருக்கிறாள். ஆறு மாதமாக இந்த மேசையில் யாருமே படத்தைப் பார்க்கவில்லை.

"யாரு யாரப் பாத்து வச்சீங்க?"

"நான்தான் மேடம். அவங்களுக்குச் சம்பந்தமில்ல."

"பெரிய தியாகி! எல்லாத்தையும் முதல்லேர்ந்து எண்ணு. உனக்கு வேற ரூம், வேற ஆளு."

புது ஆளோடு எழுபத்திரண்டு.

"இப்பதான் ரெண்டு பேரு எண்ணின மாதிரி இருக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் வைக்கிறேன். அவள் வைத்திருப்பாள் என்று தோன்றும் இடங்களில் முதலில் கை தயங்கியது. இப்போது அவை எந்த இடங்கள் என்பதே சரியாகத் தெரியவில்லை.