பூக்குழிக்கு ஒரு பருத்தி வேட்டி

பூக்குழி இறங்கும் வரிசையில் பதினோராவது ஆளாக நின்ற பாண்டிராஜின் மஞ்சள் வேட்டியிலிருந்து, மச்சினன் சங்கர் ஒரு நூலை உருவினான். சங்கர் பந்தல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். சோதித்துப் பார்க்காமல் திருநீறுகூடப் பூசமாட்டான். தீக்குச்சியைக் கிழித்து நூலில் வைத்தான். அது சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாகத் திரண்டது.

“பாலியஸ்டரு மச்சான். கங்கு பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கிரும். பருத்தின்னா சாம்பலா உதிந்துரும்.”

பாண்டிராஜுக்கு அப்பாடா என்றிருந்தது. ஐப்பசியில் மகள் தங்கமாரி காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, பூக்குழி இறங்குவதாக அவன்தான் நேர்ந்துகொண்டான். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து பரோட்டா கேட்டது. அன்றிலிருந்து அடுப்பைப் பார்த்தாலே அவனுக்கு உள்ளங்கால் கூசியது. ஷேர் ஆட்டோவில் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே போகிறவன் இதை யாரிடம் சொல்வது? இப்போது அம்மனுக்கும் அவனுக்கும் நடுவே பாலியஸ்டர் வந்து நின்றது. அவனாக எதுவும் செய்யவில்லை.

“அப்ப அடுத்த வருசம் பாத்துக்கிருவம்,” என்றான், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த அவன் மனைவி சுகந்திக்கு அழுகை முட்டியது. “தீப்பிடிக்காத வேட்டியாக் குடுங்கண்ணேன்னு கடையில கேட்டுல்ல வாங்குனேன்.” பிறகு தம்பியைப் பார்த்தாள். “நீ கட்டிருக்கது என்னடா?”

சங்கருக்குப் பொய் வராது. “சுத்தப் பருத்தி.”

“அவுத்துக் குடு.”

“அக்கா, எங்கிட்டப் படிக்கிற பிள்ளைக நிக்கிது.”

“அந்த அண்டாவுக்குப் பின்னாடி போயி மாத்திக்கங்க.”

அண்டாவில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. சுகந்தி தம்பியின் வெள்ளை வேட்டியை அதில் முக்கினாள். பருத்தி மஞ்சளை மடமடவென்று குடித்தது.

“ஈரமா இருந்தா இன்னும் நல்லது மச்சான்,” என்றான் சங்கர், அண்டாவுக்குப் பின்னாலிருந்து.

பாண்டிராஜ் அதைச் சொட்டச் சொட்ட மடித்துக் கட்டிக்கொண்டு கங்கின் ஓரத்தில் நின்றான். “சுடுமாப்பா?” என்றது பிள்ளை. “சுடாதுத்தா,” என்றான், பிள்ளையைப் பார்க்காமலே. பிறகு நடந்தான்.

எட்டு அடி வைத்தான், அவ்வளவுதான். எதிர்முனையில் பால் ஊற்றியிருந்த குழிக்குள் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்து, பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். சாம்பல் இருந்தது, கொப்புளம் இல்லை. பத்து விரலையும் அசைத்துப் பார்த்தான். ஐப்பசியிலிருந்து நெஞ்சில் அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்று சிரிப்பாக வெளியே வந்தது.

கூட்டத்துக்குள் சங்கர் கும்பிடுவதற்காகக் கைகளைத் தூக்கினான். வழுவழு வேட்டி இடுப்பை விட்டு இறங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் கும்பிட்டான்.