ஜாக்கெட்டில் வெங்காய வாசனை

ஆர்டிஸின் நாக்கில் பாதியை வெட்டியெடுத்து, முன்கைத் தசையை அங்கே தைத்து ஏழு மாதமாகிறது. புற்றுநோய் போய்விட்டது என்றார்கள். ரொட்டியும் இறைச்சியும் கூடவே போயின. போனில் அவள் பேசினால் யாருக்கும் புரிவதில்லை. ஆஸ்பத்திரி அழைப்புகளையெல்லாம் கணவன் கெல்வின்தான் பேசுவான். மூன்று வேளையும் அரைத்த சூப். அவனும் அதையே குடித்தான்.

“எனக்கும் இது பழகிப்போச்சு” என்றான்.

அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. கறி இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷன். இத்தனை மாதத்தில் பெல்ட்டில் ஒரு துளைகூட இறங்கவில்லை. மத்தியானம் தபால் எடுக்கப் போனால் ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது ஜாக்கெட்டில் வதக்கிய வெங்காய வாசனை. தபால் நிலையத்துக்கு எதிரே டாரீனின் மீன் வறுவல் கடை. டாரீன் புருஷனை இழந்தவள், வாய் நிறையச் சிரிப்பவள்.

வியாழக்கிழமை, கழுத்துத் தழும்பின் மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஆர்டிஸ் பனியில் நடந்தாள். கடை வாசலில் கெல்வினின் வண்டி இல்லை. படகுத் துறையில் நின்றிருந்தது, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து. உள்ளே இருப்பது ஒருவரா, இருவரா? கதவைத் திறந்தாள்.

கெல்வின் தனியாக இருந்தான். மடியில் காகிதப் பெட்டி, வறுத்த மீன், வெங்காயம். கன்னம் உப்பியிருந்தது.

“தபால் ருசியா இருக்கா?” குழறிய பேச்சு, அவனுக்குப் புரிந்தது.

அவன் கஷ்டப்பட்டு விழுங்கினான். “உன் முன்னாடி எப்படித் திங்கிறது?”

“நான் டாரீன்னு நெனச்சேன்.”

“டாரீனா? அவ வறுக்கிறது உன் மீனுக்குக் கால்தூசு பெறாது.”

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. வேறொரு சந்தேகம் வந்தது. “போன மாசம் ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு சொன்னியே. அதுவும் இந்த சூப் மாதிரிதானா?”

“ஆர்டிஸ்...”

“போனைப் போடு. நானே கேக்கறேன்.”

நர்ஸுக்கு முதலில் புரியவில்லை. கெல்வின் வாயைத் திறக்கப் போனான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். தன் பெயரை நான்கு தடவை சொன்னாள். எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டு ஐந்தாம் தடவை சொன்னாள்.

“ஆர்டிஸ்தானே? இதோ பாக்கறேன். ஸ்கேன் சுத்தமா இருக்கும்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னோமே.”

“எங்கிட்ட சொல்லுங்க இனிமே” என்றாள்.

கெல்வின் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான். பொய் சொல்லாத ஒரு விஷயத்தில் சந்தேகப்பட்டுவிட்டாள் என்ற வருத்தம் அவன் முகத்தில் தெரிந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று மாலை அவளே மீன் வறுத்தாள். அவனை எதிரே உட்காரவைத்தாள். அவன் மெல்லுவதைப் பார்ப்பது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. எழுந்து போகவில்லை. ஒரு துண்டை வெண்ணெயில் மசித்து, தொண்டைக்குள் தண்ணீரால் தள்ளினாள். இருமினாள். கெல்வின் பாதி எழுந்துவிட்டான்.

“உக்காரு. உன் தட்டைப் பாத்து சாப்பிடு.”

அந்த ஒரு துண்டை முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரமானது. அவன் மூன்று துண்டு சாப்பிட்டான்.