பன்னிரண்டாம் அலமாரி அறிக்கை

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகத்தான் பிறந்தது. குளியலறைக் குழாய்களும் அவற்றின் உதிரிகளும் விற்கும் கம்பெனி எங்களுடையது. கிடங்கு என் பொறுப்பு. அங்கே எந்த மென்பொருள் வைக்கலாம், ஒரே பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்றார் முதலாளி. நான் இப்படி ஆரம்பித்தேன்:

'இரண்டு மென்பொருள்களையும் நடுநிலையோடு...'

நடுநிலை என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது.

2

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். என் சகலையைப் போடலாம். மச்சினியின் கணவன், இதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் வேலை. கொள்முதல், விற்பனை, சம்பளம், சரக்கு என எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் பொது மென்பொருளைச் சிபாரிசு செய்தவன். நான் கேட்டது கிடங்குக்கென்றே செய்த மென்பொருளை. எந்தப் பெட்டி எந்த அலமாரியில் என்று அது சொல்லும். அவனுடையது நாற்பது குழாய் இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும்.

(அவனைக் குட்டையாக, வழுக்கையாக எழுதிப் பார்த்தேன். ஆள் நல்ல உயரம், தலை நிறைய முடி. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.)

வீட்டிலும் அவன் புராணம்தான். "அவரு ஒரு வேலைய எடுத்தா முடிச்சிட்டுத்தான் உக்காருவாரு" என்பாள் என் மனைவி. நான் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

3

சோதனைக்கு ஆளுக்கு ஒரு வாரம். என் வாரம் நன்றாகவே போனது. அவன் தன் வாரத்துக்கு முன்பு இரண்டு நாள் கிடங்கிலேயே கிடந்து, ஒவ்வொரு பொருளுக்கும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் அலமாரி எண்ணை அடித்துவிட்டான். எங்கள் அளவுக் கிடங்குக்கு அதுவே போதும். இது புரிந்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

முதலாளி பார்க்க வருகிற காலையில் பன்னிரண்டாம் அலமாரியின் எண் அட்டையை...

(இந்த வாக்கியத்தை மூன்று முறை பாதியில் விட்டேன். இனி விட முடியாது.)

பன்னிரண்டு, இருபத்தொன்று இரண்டின் அட்டைகளையும் நான் மாற்றி மாட்டினேன். குழாய் கேட்ட முதலாளியின் கைக்கு வாஷர் பொட்டலம் வந்தது.

"நான்தான் சார் எண்ணைத் திருப்பி அடிச்சிருப்பேன்" என்றான் சகலை.

புது மென்பொருளுக்கு அவனைத்தான் மேலாளராகப் போடுவதாகப் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அன்றோடு நின்றது.

4

முடிவு ஒன்று: அட்டைகளை அன்று மாலையே பழையபடி மாட்டிவிட்டேன், யாருக்கும் தெரியாது, என் மென்பொருள் ஜெயிக்கிறது. முடிவு இரண்டு: ஒப்புக்கொள்கிறேன், வேலை போகலாம், வீட்டில் அவன் புராணம் இன்னும் ஓர் அத்தியாயம் நீளும்.

அடிக்குறிப்பு: அறிக்கையில் இருவரும் கையெழுத்திட வேண்டும். நேற்றே அவன் ஒரு வெற்றுத் தாளின் அடியில் போட்டுக் கொடுத்துவிட்டான். "நீங்க என்ன எழுதினாலும் சரியா இருக்கும்ண்ணே. தப்பு என் பக்கம்தானே."

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருப்பது அந்தத் தாளில்தான். பொடி எழுத்தில் எழுதியும் அவன் கையெழுத்து வரை வந்துவிட்டேன். பக்கத்தில் எனக்கான இடம் காலியாக இருக்கிறது. இதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் கையெழுத்துக் கேட்டால், ஏன் என்றுகூடக் கேட்காமல் போட்டுக் கொடுப்பான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேனா மூடி திறந்தே இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், என் பெயரை எந்தத் தாளில் எழுத?