ஏழு நிமிஷச் சோதனை

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பட்டாளத்தார் என்றால் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் போர்முனையில் துப்பாக்கி பிடித்த கை, இப்போது வருகிறவர்களின் பையைத் துழாவியது. சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்ப்பார். "குண்டைத் தேடறீங்களா, பசிக்குதா?" என்று நர்சுகள் கேலி பண்ணுவார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

அன்று காலை பத்தேகாலுக்குச் சந்தையில் குண்டு வெடித்தது. காயம்பட்டவர்களோடு ஆறு ஆம்புலன்ஸ்கள் உள்ளே போயிருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் வந்தது. "அடுத்தது ஆம்புலன்ஸ்ல வருது." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள்.

பாதுகாப்பு அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். "போலீஸ் வர அரைமணி ஆகும். அதுவரைக்கும் ஒரு வண்டியையும் சும்மா விடாதீங்க. ஸ்ட்ரெச்சரை இறக்குங்க. கட்டுப் போட்டிருந்தா அதையும் அவிழ்த்துப் பாருங்க. உள்ள நானூறு உசுரு இருக்கு."

ஏழாவது வண்டி வந்து நின்றது. ஓட்டிவந்தவன் பட்டாளத்தாரின் சொந்த அக்கா மகன்.

"மாமா, கதவைத் திறங்க! ரத்தம் நிக்கவே மாட்டேங்குது!"

"இறங்குடா கீழ."

"மாமா, நான்தான்!"

"இறங்குன்னு சொன்னேன்."

போரில் ஒருமுறை இரண்டு தரப்பும் வெள்ளைத் துணியை ஆட்டிவிட்டு ஒரு மணிநேரம் சுடாமல் இருந்தன. எதிரிகள் முப்பதடி தூரத்தில் தங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவன் இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக்கூடப் போனான். அங்கே எதிரி யார், எங்கே நிற்பான் என்பதெல்லாம் உடுப்பைப் பார்த்தாலே தெரியும். இங்கே எதிரிக்கு உடுப்பும் இல்லை, முகமும் இல்லை. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையின் முகத்தையே அவர் உற்றுப் பார்த்தார். எவனாவது மிரட்டி ஓட்டிவரச் சொல்லியிருந்தால்?

ஸ்ட்ரெச்சரைத் தரையில் இறக்கவைத்தார். அதில் கிடந்தவள் சந்தையில் துணி தைக்கிறவள். வயிற்றைச் சுற்றிப் புடவையைக் கிழித்துத் தடிமனாகக் கட்டியிருந்தது. அவள் புருஷன் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்திருந்தான்.

"கையை எடு."

"ஐயா, கையெடுத்துக் கும்பிடக்கூட முடியலங்க. எடுத்தா போயிடுவா."

பட்டாளத்தார் அவன் கைகளைப் பிடித்து விலக்கினார். முடிச்சு இறுகியிருந்ததால் கத்தரியை வாங்கி வெட்டினார். உள்ளே காயத்தைத் தவிர எதுவும் இல்லை. அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள், ஏதோ ஊசி போடுகிறவரிடம் கேட்பதுபோல.

இன்னும் முடியவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர், இருக்கையின் அடி, டயர் இடுக்கு என்று எல்லாவற்றையும் பார்த்தார். ஏழு நிமிஷம் ஆனது. ஐந்தாவது நிமிஷத்திலேயே அவள் மூச்சு அடங்கிவிட்டது. அக்கா மகன் ஸ்டீயரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு சந்தைக்கே போனான். அங்கே இன்னும் ஆட்கள் கிடந்தார்கள்.

சாயங்காலம் காவலறை டிவியில் ஒரு கூட்டம் பொறுப்பேற்று அறிக்கை விட்டிருந்தது. சந்தையில் முப்பத்தொரு பேர், ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தி, ஆக மொத்தம் முப்பத்திரண்டு பேரைத் தாங்கள் கொன்றதாக அதில் பெருமையடித்திருந்தார்கள். ஆம்புலன்ஸில் அவர்கள் குண்டு எதுவும் வைத்திருக்கவில்லை. ஒரு போன் போட்டார்கள், அவ்வளவே.

"நீங்க உங்க கடமையைத்தான் செஞ்சீங்க," என்று அதிகாரி முதுகில் தட்டினார்.

தையல்காரியின் புருஷன் பிணவறைச் சீட்டோடு கதவருகே வந்து நின்றான். அடிக்க வருகிறான் என்றே பட்டாளத்தார் நினைத்தார். அடித்திருந்தால் தேவலை. அவன் தணிந்த குரலில் கேட்டான்:

"அந்தக் குண்டு... வேற வண்டியிலயாவது இருந்துச்சுங்களா?"

"இல்ல."

"எதுலயுமேவா?"

"எதுலயும் இல்லப்பா."

பின்னால் ஆம்புலன்ஸ் ஹாரன் அலறியது. பட்டாளத்தார் அவன் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.