ஒன்பதாம் நம்பருக்குப் போன இரண்டு பாயிண்ட்

அந்தக் கல்லூரியில் கூடைப்பந்து சாதனை படைத்தவர்களுக்கு, அதை இன்னொருவர் முறியடிக்கும் வரை வயது ஏறுவதில்லை. இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவது கிடையாது. வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டில் முதலிடம் பிடித்தவர் பத்தொன்பது வருடம் அரும்பு மீசையோடு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வழுக்கை விழுந்தது. யாரோ ரெக்கார்டை உடைத்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் கை தட்டினார்கள், அவர் மீதிக் கணக்கை முடித்துவிட்டுத்தான் கண்ணாடி பார்க்கப் போனார்.

மொத்தப் புள்ளிகளில் முதலிடம் ஒரு பெண்ணுக்கு. நான்கு வருடத்தில் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு. அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடமாக அவளுக்கு இருபத்தொன்றுதான். கேட்கிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும், அனுபவித்தவளுக்கல்லவா தெரியும்! கடைசி ஆட்டத்தில் வீங்கிய முழங்கால் அப்படியே நின்றுவிட்டது, நகராத உடம்பில் வீக்கம் மட்டும் எப்படி வடியும்? தண்ணீர் மீட்டர் ரிப்பேர் செய்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்குத் தலை நரைத்தது, தொப்பை விழுந்தது. துணிக்கடையில் "பொண்ணுக்கு என்ன கலர் சார் காட்டட்டும்?" என்று கேட்டதிலிருந்து மனிதர் அவளோடு கடைக்குப் போவதை விட்டுவிட்டார். கல்லூரியிலேயே அவளுக்கு ஸ்கோரர் வேலை கொடுத்தார்கள். அத்தனை வருடத்தில் ஷீட்டில் ஒரு புள்ளி தப்பாக வைத்ததில்லை என்று பெயர்.

மகள் பிறந்தாள், வளர்ந்தாள், அதே கல்லூரியில் சேர்ந்து பதினோராம் நம்பர் சட்டை போட்டாள். வெறி பிடித்தவள்போலப் பாயிண்ட் சேர்த்தாள். மூன்றாம் வருடம் முடியும்போது ஆயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள்.

"போதும்டி, நிறுத்திக்கோ. உங்கப்பாவை அனுப்பி வச்சுட்டு, அப்புறம் உன்னையும் அனுப்பி வச்சுட்டு நான் மட்டும் இப்படியே கெடக்கணும். அது என் தலையெழுத்து. உனக்கு எதுக்கு இந்தக் கண்ராவி?"

"கெழவி ஆக பயமா இருக்குன்னு நேரா சொல்லேம்மா."

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அம்மா போய்விட்டாள். பதினோரு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மீட்டர்க்காரர் நடுவில் தூது போய்ப் போய் அலுத்து, உப்பு வேண்டும் என்பதைக்கூடச் சீட்டில் எழுதி வைத்துவிட்டார்.

நான்காம் வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு மகள் கடும் ஜலதோஷத்தோடு வந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருபது போட்டாள். ஒரு நிமிடம் பாக்கி இருக்கும்போது ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு. அம்மாவும் மகளும் சமம். சமத்துக்கு எதுவும் நடக்காது, தாண்டினால்தான். மேஜையில் அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது, கூடைக்கடியில் ஐந்தாறு கைகள், யாரோ தட்டியதில் உள்ளே விழுந்தது. கடைசியாகத் தொட்டது யார் என்பதுதான் கணக்கு. அதே அணியின் ஒன்பதாம் நம்பர் நெட்டைப் பெண்ணின் முதுகு மறைத்ததால் நடுவருக்குத் தெரியவில்லை, அவர் மேஜையைப் பார்த்தார். அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மகளின் நடுவிரல்.

ஷீட்டில் ஏறாத பாயிண்ட் பாயிண்டே இல்லை என்பது அந்த மேஜையில் உட்காருகிறவர்களின் நம்பிக்கை. அம்மா ஒன்பது என்று எழுதினாள்.

பேனாவை எடுப்பதற்குள் முழங்கால் வீக்கம் வடிந்தது. கன்னம் இறங்கியது, காதோரம் வெள்ளையாயிற்று, எழுதியதைப் படிக்கப் பார்த்தால் கண்ணாடி இல்லாமல் முடியவில்லை. ஹாலே பார்த்தது.

"நான் தொடவே இல்லக்கா" என்று ஓடிவந்த நெட்டை, பாதியில் "ஆன்ட்டி" என்று மாற்றிக்கொண்டாள். சண்டை போட வந்த மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதன்முறையாக அவள் அம்மா அம்மா மாதிரி இருந்தாள்.

"ஒன்பதுன்னுதானேடி எழுதினேன்" என்று அம்மா அழுதாள். "உன்னை விட்ருமுன்னு நெனச்சேன்."

அவள் அடித்து எழுதப் போனபோது நடுவர் ஷீட்டை உருவிக்கொண்டார். "அடிச்சு எழுதினா செல்லாதும்மா" என்று கையெழுத்துப் போட்டார். அம்மாவே மன்னிப்புக் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினாள். எட்டு மாதம் கழித்து, கையெழுத்தான ஷீட்டைத் திருத்த இயலாது என்று பதில் வந்தது. ஆக, கல்லூரியின் சாதனைப் பலகையில் அம்மாவின் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறே நின்றது, மகளின் நாற்பத்தெட்டு அவள் உடம்பில் மட்டும் நின்றது. வயதும் நின்றது, ஜலதோஷமும் போகாமல் நின்றது. ஒன்பது வருடமாகக் கைக்குட்டையும் கையுமாகத்தான் இருக்கிறாள்.

ஒன்பது வருடத்தில் கேலரியில் உட்காருகிறவர்களும் பயிற்சியாளரும் மாறிவிட்டார்கள். மேஜை வேலையை விட்டுவிட்ட அம்மா, மகள், மீட்டர்க்காரர் என்று மூன்று பேர் மட்டும் ஒரு ஆட்டம் விடாமல் வந்தார்கள். நன்றாகப் போடுகிற பெண் எவளாக இருந்தாலும் அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவளுக்கும் இதே கதிதானே என்று மீட்டர்க்காரர் ஒருமுறை கேட்டார். "எங்கிட்டயும்தான் சொன்னாங்க. நான் கேட்டேனா?" என்றாள் மகள்.

கடைசியில் ஒருத்தி வந்தாள், இடதுகைக்காரி. தன் கடைசி ஆட்டத்தில், ஆறு நிமிடம் பாக்கி இருக்கும்போது, நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தெட்டுக்குப் போனாள். பலகையைத் தாண்டியாயிற்று! ஹால் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். பயிற்சியாளர் அவளைக் கட்டிப்பிடித்து, வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்தார். மகளோடு சமம்தான், தாண்டவில்லை.

"இன்னும் ஒண்ணு! ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ போட விடுங்கய்யா!" என்று அம்மா எழுந்து கத்தினாள். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து, ஆன்ட்டிக்கு இருக்கிற ஆர்வத்தைப் பார்டா என்று சிரித்தார்கள். இடதுகைக்காரி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு யாருக்கோ ஃபோன் செய்தாள். கடிகாரம் ஓடியது. மூன்று பேரும் மணி அடிக்கும் வரை அவள் கால்களையே பார்த்திருந்தார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் பலகையில் பெயர் வந்தது, அடுத்த மாதம் இருபத்திரண்டாவது பிறந்த நாளும் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மகள் கேட்டாள். "அடுத்தது யாருப்பா?"

"முதல் வருஷத்துல ஒரு பொண்ணு. கை நல்லா இருக்கு. இப்போதைக்கு நூத்திப் பன்னெண்டு."

"அப்ப இன்னும் மூணு வருஷம்" என்றாள் அம்மா. "எனக்கு அம்பத்தேழு ஆகும்."

"ஆகட்டும். பாத்து எறங்கும்மா" என்று மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் கடலை விற்கிறவர் "பேத்தியாம்மா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்று சொல்லவில்லை, மூன்று பொட்டலம் வாங்கினாள்.