முகத்துவாரத்தில் ராணியம்மா

கார்த்திகைப் புயலில் நண்டுத்திட்டுக் குப்பத்துக்குள் புகுந்த தண்ணீர், சாமுண்டீஸ்வரி அம்மாள் நிவாரண அரிசியோடு படகை விட்டு இறங்கிய இடத்தில் நின்றுவிட்டது. அவருக்கு ஒரு கை தூரத்தில், ஆள் உயரத்துக்கு, சுவர் வைத்தது போல நின்றது. உள்ளே மடவை மீன்கள் போவதும் வருவதும் தெரிந்தன. அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். தண்ணீர் ஓர் அடி பின்னால் போனது. அப்படியே தெருக்கோடி வரை நடந்தார். வீடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சேறு பிடித்த பீரோக்களும், கால் விறைத்த ஆடு ஒன்றும், யாருடையதென்று தெரியாத கல்யாண ஃபோட்டோவும் தெருவில் கிடந்தன. பள்ளிக்கூட மொட்டைமாடியில் ஒண்டியிருந்த ஜனங்கள் இறங்கி வந்து கும்பிட்டார்கள். அம்மாளுக்குத் திருப்பிக் கும்பிடக் கை வரவில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

அவர் நெடும்பாக்கம் ஜமீனின் கடைசி வாரிசு. சுனாமி வந்த வருஷம் அரண்மனை அண்டாக்களை லாரியில் ஏற்றிப் பழவேற்காட்டுக்கு வந்து, மீன் மார்க்கெட் பக்கத்தில் கஞ்சி காய்ச்சியதில் தொடங்கியது இந்த வேலை. பிறகு எந்தப் புயலானாலும், எந்த வெள்ளமானாலும், அதிகாரிகளுக்கு முன்னால் அவருடைய லாரி பொன்னேரியைத் தாண்டிவிடும். பாய், போர்வை, பால் பவுடர், தார்ப்பாய், ஜுர மாத்திரை. புருஷன் போன துக்கத்தில் கூட ஒரு வெள்ளத்தையும் அவர் தவறவிட்டதில்லை. எல்லோரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். குப்பத்து ஆட்களுக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனால் அவருக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்பது யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் அரண்மனைக் குளத்தில் அக்கா முழுகிச் செத்ததைப் படிக்கட்டில் நின்று பார்த்தவர். அதற்குப் பிறகு வாளித் தண்ணீரைத் தவிர வேறெதிலும் குளித்ததில்லை. ஒவ்வொரு முறையும் படகில் ஏறிக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். ஜமீன் அம்மா ஜபம் பண்ணுகிறார்கள் என்று படகுக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

கஞ்சி ஊற்றி, மருந்து கொடுத்து, திரும்பிப் போகலாம் என்று அவர் படகில் கால் வைத்ததும், தண்ணீர் மறுபடி தெருவுக்குள் வந்தது. பச்சையம்மா என்பவளின் வீட்டில் பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தை ஏணைத் தொட்டிலில் கிடந்தது. தண்ணீர் நேராக அந்த வீட்டுக்குள் போய் ஏணையின் அடியைத் தொட்டது. பச்சையம்மா போட்ட சத்தத்தில் அம்மாள் இறங்கிவிட்டார். தண்ணீரும் வெளியே போனது.

"நீங்க போனா தண்ணி வந்துடுதும்மா. கொஞ்ச நாள் எங்க கூடவே இருங்க" என்றார் குப்பத்துத் தலைவர் சடையன். மரியாதையாகத்தான் சொன்னார். சாயங்காலம் அம்மாளின் படகிலிருந்து எஞ்சினைக் கழற்றி, ரிப்பேர் என்று சொல்லி எடுத்துப் போனார்கள். கரையில் லாரியோடு காத்திருந்த டிரைவர் உதயகுமாருக்கு போன் போகவில்லை, டவர் விழுந்திருந்தது. தண்ணீருக்கு எதிரே நாற்காலி போட்டார்கள். நண்டுக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள். பக்கத்தில் எந்நேரமும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அது துணை அல்ல, காவல் என்பது அம்மாளுக்குப் புரிந்தது. அதைவிடத் தண்ணீரைப் பார்த்துத்தான் அவருக்கு நடுக்கம். கடல் ஏறும் நேரங்களில் அந்தச் சுவர் அவர் பக்கம் லேசாகச் சாய்ந்து, மூச்சு விடுவது போலச் சத்தம் போட்டது. தன்னைக் கண்டு ஒதுங்குகிறதா, தனக்காகக் காத்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியும் வரை விழித்திருந்தார்.

ஒரு காலையில் ஏரியின் அக்கரையிலிருந்து, சவுக்குக்குப்பத்து ஜெசிந்தா தனியாகப் படகு தள்ளிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் காய்ந்து கிடந்த தெருவைப் பார்த்தாள்.

"இங்க வராத தண்ணி பூரா எங்க குப்பத்துக்கு வந்து ஏறுது. எங்க மாமியார அடிச்சிகினு போயிடுச்சி. மிச்ச பேரு மாதா கோயில் கூரை மேல கீறோம். அதுக்கும் மேல ஏற எடமில்ல" என்றாள்.

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாள் எழுந்து, எஞ்சினைக் கொண்டுவரச் சொன்னார். சடையன் அசையவில்லை.

"அவங்களுக்குப் பாவம் பாத்து எங்க கொழந்தைங்கள முழுகடிக்கறீங்களா ராணிம்மா? இது இன்னா ஞாயம்?"

"உங்ககிட்ட வராம தடுத்த தண்ணிதான் அவங்க மேல ஏறியிருக்கு. தெரிஞ்சப்புறமும் நான் எப்படி இங்க உக்காந்து சாப்பிடறது?"

பச்சையம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தாள். "கூரை மேல கைக்கொழந்த கீதா?"

"கீது. எந்தம்பி புள்ள. நனைஞ்சி நனைஞ்சி அழுகக்கூட மாட்டேங்குது."

பச்சையம்மா தலைவரிடம் திரும்பினாள். "எஞ்சின மாட்டு மாமா. நாங்க மாடிக்குப் போறோம்."

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அம்மாள் கேட்டார். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே ஏறுகிறது என்றார் சடையன். அங்கே தன்னைக் கொண்டுபோய் விடச் சொன்னார் அம்மாள்.

"அங்க நிக்க ஒண்ணும் இல்லம்மா. வெறும் மணல் திட்டு. ரெண்டு பக்கமும் தண்ணி."

"தெரியும். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. சீக்கிரம் போங்க. லேட்டானா வேண்டாம்னு சொல்லிடுவேன்."

ஜனங்கள் மொட்டைமாடிக்கு ஏறிய பிறகு படகு கிளம்பியது. இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. மூடினால் திரும்பிவிடச் சொல்லிவிடுவோம் என்று பயந்தார். திட்டில் இறங்கியதும் மணலில் உட்கார்ந்துவிட்டார். கூட இறங்கிய ஜெசிந்தாவின் கையைப் பிடித்தவர் பிறகு விடவேயில்லை. எதிரே கடல் எழுந்து நின்றது. பனைமரத்தைவிட உயரம். உள்ளே கிழிந்த வலைகளும், கவிழ்ந்த படகுகளும், ஒரு மாட்டு வண்டியும் மெதுவாகச் சுற்றின. ஜெசிந்தாவின் மாமியார் புடவை கலையாமல், பஸ்ஸுக்குப் போகிறவள் போல, தண்ணீருக்குள்ளேயே வடக்கே நடந்து போனாள். ஜெசிந்தா கூப்பிட்டாள். மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். ஏரியிலிருந்து வடிந்த தண்ணீர் இருவரையும் சுற்றி ஒதுங்கிக் கடலுக்குப் போனது. கடல் மட்டும் உள்ளே வரவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு குப்பங்களிலும் தெரு தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும், இரண்டு குப்பத்தாரும் சேர்ந்து போய் அம்மாளை அழைத்துவருகிறார்கள். முதலில் அந்த மணல் திட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பிறகு கருங்கல்லில் மேடை கட்டித் தகரக் கூரை வைத்தார்கள். அங்கிருந்தே போனில் அரிசி லாரிகளை அனுப்புகிறார். திருப்பாலைவனத்தில் எந்த வண்டி சேற்றில் மாட்டியது என்று விசாரிக்கிறார். ஒரு வருஷம் புயல் கடந்தும் அவர் எழ மறந்துவிட, கடல் தண்ணீர் வராமல் ஏரியில் இறால் இல்லாமல் போய்விட்டது. இரண்டு குப்பத்துப் பஞ்சாயத்தும் கூடிப் பேசி, காற்று அடங்கியதும் அம்மாளை எழுப்பிவிட ஓர் ஆளைப் போட்டார்கள். அவருடைய பயம் மட்டும் குறையவில்லை. பயப்படாதீங்க என்று யாரும் சொல்வதுமில்லை. கையைப் பிடித்துக்கொள்ள முறை வைத்து ஒரு பெண் கூடப் போகிறாள்.

போன புயலுக்குப் பச்சையம்மாவின் முறை. கடல் வழக்கத்தைவிட உயரமாக எழுந்து, மேடைக்கு மேலே வளைந்து நின்றது. பகலே இருட்டியது.

"கை சில்லுனு கீதும்மா" என்றாள் பச்சையம்மா.

"பயமா இருக்கு."

"எனக்குந்தான்."

பிடித்த கையை விடாமல், மறு கையால் டிபன் பாக்ஸைத் திறந்து, இறால் தொக்கில் சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்தாள்.

"மேல பாக்காதீங்க. வாயத் தொறங்க" என்றாள்.