மூன்றாவது பெட்டியைத் திறக்க வேண்டாம்

"இன்னும் ஒரே ஒரு அளவு வேணும்க்கா," என்றாள் கணக்குக்காரி.

தேனீக்காரி கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் தேநீர் பாதி தட்டில் சிந்தியது. "போன வாரமும் இதையேதான் சொன்னே. அதுக்கு முந்தின வாரமும் இதையேதான். உன் கோடு என்ன, வாயும் வயிறுமா இருக்கா? எவ்வளவு போட்டாலும் பசிக்குதே!"

"கோடு பொருந்தலைக்கா. நாலு பெட்டிக்கு அழகா பொருந்துது. மூணாவதுல மட்டும் வழுக்கி விழுது."

"விழுந்தா தூக்கி விடு. அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்காங்க."

இந்த இருவரும் வேலை பார்க்கும் அறை, ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில், தோட்டத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னலோடு இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் வரிசையாக ஐந்து தேனீப் பெட்டிகள். தேனீக்காரி, கணக்குக்காரியின் கணவனுக்கு மூத்த அக்கா. நாத்தனாரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதைப் போன்ற தண்டனையை எந்த நீதிபதியும் யாருக்கும் கொடுத்ததில்லை என்று கணக்குக்காரி தோழிகளிடம் சொல்வதுண்டு. நாத்தனாரைக் கேட்டால், தம்பி பெண்டாட்டியை விடவா என்பாள்.

மற்ற நான்கு பெட்டிகளில் இருந்தவை சாதாரணத் தேனீக்கள். உண்ணி பிடித்தால் மருந்து வைக்க வேண்டும். மூன்றாவது பெட்டியில் இருந்தவை தங்கள் மேல் ஏறிய உண்ணியைத் தாங்களே கடித்து உதறிவிடும். பல வருடங்களாக ராணிக்குப் பின் ராணியாகத் தேர்ந்தெடுத்துத் தேனீக்காரி உருவாக்கிய வம்சம் அது. உலகத்தில் அந்த ஒரு பெட்டியில்தான் அது மிச்சமிருந்தது. குளிர் தொடங்கியதிலிருந்து அந்தப் பெட்டியில் தேனீக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஏன் என்று கண்டுபிடிக்கும் கணித மாதிரியை எழுதுவது கணக்குக்காரியின் வேலை. ராணி இடும் முட்டை, முதுமை, உண்ணி, குளிர், இத்தனைக்கும் சமன்பாடு எழுதினால் பெட்டிக்குள் எத்தனை உயிர் இருக்கும் என்று ஒரு கோடு வரும். திங்கட்கிழமை கூடும் குழு அந்தக் கோட்டைப் பார்த்து, இந்த வம்சம் குளிருக்குத் தாங்காது என்று முடிவு செய்தால், அத்தோடு அதைக் கைவிட்டு வெளியிலிருந்து ராணிகளை வாங்கிவிடுவார்கள்.

கணக்குக்காரிக்கு அந்தப் பெட்டி எப்போதும் ஒரு சின்ன ஊராகத்தான் தோன்றும். இருட்டில் எல்லோரும் ஒருவரையொருவர் ஒட்டி நின்று, சிறகை விரிக்காமல் உடம்பை மட்டும் நடுக்கி, அந்த நடுக்கத்திலேயே ஊர் முழுவதையும் சூடாக வைத்திருக்கும் ஓர் ஊர். ஆனால் அந்த ஊர் அவளுடைய திரையில் வரும்போது வெறும் புள்ளியாகத்தான் வந்தது. புள்ளிகள் போதவில்லை.

சண்டை வீட்டுக்கும் வந்தது. அன்று மாலை நாத்தனார் சாப்பிட வந்திருந்தாள்.

"உங்க அக்கா வேணும்னே அளக்க மாட்டேங்கறாங்க," என்றாள் கணக்குக்காரி கணவனிடம்.

"உன் பெண்டாட்டி என்னை எடுபிடின்னு நெனச்சுக்கிட்டிருக்கா," என்றாள் தேனீக்காரி. "குளிர்ல விறைச்சுக்கிட்டு, புகை ஊதி, மூடியில ஒட்டின பிசினைப் பேத்து, தேனடைச் சட்டத்தை ஒண்ணொண்ணா தூக்கி எண்ணிட்டு வந்தா, 'இன்னும் ஒண்ணு'ங்கறா. கடையில முட்டை வாங்கற மாதிரி."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது," என்றான். "நான் சாப்பிட வந்தவன்."

மறுநாள் காலையில் கணக்குக்காரி ஒரு காரியம் செய்தாள். நாத்தனார் எவ்வளவு சோம்பலாக அளந்திருக்கிறாள் என்பதைப் படமாகப் போட்டு அவள் மூக்குக்கு முன்னால் நீட்டிவிட வேண்டும். ஐந்து பெட்டிகளின் கோடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, பெட்டியைத் திறந்த ஒவ்வொரு நாளுக்கும் அடியில் ஒரு சிவப்புக் கீற்று போட்டாள்.

நான்கு பெட்டிகளுக்கு அடியில் கீற்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. மூன்றாவதற்கு அடியில் அவை சீப்புப் பல் போல நெருங்கி நின்றன. சோம்பல் எங்கே? அந்த அளவுகளையெல்லாம் கேட்டது யார்? பொருந்தாத பெட்டி அதுதான் என்பதால், அதிலிருந்துதானே ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

பிறகு அவள் கோட்டைப் பார்த்தாள். கோடு வழுக்கவில்லை. படி இறங்கியது. ஒவ்வொரு படியும் ஒரு சிவப்புக் கீற்றைத் தாண்டியதும் இறங்கியது.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"வரமாட்டேன். அளவு கேப்பே."

"கேக்க மாட்டேன். வாங்க."

தேனீக்காரி வந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். கீற்றுகளை உதட்டுக்குள்ளேயே எண்ணினாள்.

"மூடியைத் திறந்தா சூடு போயிடும்," என்றாள் கடைசியில். "திரும்ப உண்டாக்க அதுங்க தேனைக் குடிச்சு நடுங்கணும். வயசானதுங்க அதுலயே செத்துப்போகும். ஒரு தடவை திறந்தா ஒண்ணும் ஆகாது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா..." கீற்றுகளின் மேல் விரலை ஓட்டினாள். "இத்தனை தடவையா திறந்தேன்?"

"நான் கேட்டேன்க்கா."

"நீ கேட்டா? எனக்கு மூளை எங்க போச்சு?"

இயக்குநருக்கு நிலையத்தில் 'சராசரி' என்று பெயர். எதைச் சொன்னாலும் அதற்குச் சராசரி என்ன என்று கேட்பார். இருவரும் படத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார்கள். அவர் படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பேனாவால் காதைச் சொறிந்தார்.

"நோயாளி இளைக்கறதால டாக்டர் அடிக்கடி வர்றாரா, டாக்டர் அடிக்கடி வர்றதால நோயாளி இளைக்கறாரா? இதை உங்க படம் சொல்லுதா?"

கணக்குக்காரிக்கு எரிச்சலாக வந்தது. கேள்வி சரியான கேள்வி என்பதால் இன்னும் எரிச்சலாக வந்தது. பெட்டி தேய்ந்ததால்தான் அவள் அளவு கேட்டாள். அளந்ததால் பெட்டி தேய்ந்தது. இரண்டும் ஒரே படமாகத்தான் வரும்.

"சொல்லலை சார்."

"அப்போ சோதனை பண்ணுங்க. நல்லா இருக்கற முதல் பெட்டியை தினமும் திறந்து பாருங்க. அது செத்தா நீங்க சொன்னது சரி."

"எது செத்தா?" என்றாள் தேனீக்காரி. அவள் குரல் உயரவில்லை. அதுதான் மோசமான அறிகுறி.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா."

"உங்க வீட்டுக் கதவை தினமும் நான் வந்து திறந்து வெக்கறேன் சார், பனியில. ஒரு பேச்சுக்கு."

"சரி, சரி. அப்போ மூணாவதையே திங்கட்கிழமைக்குள்ள ஒரே ஒரு தடவை திறங்க. உங்க பழைய கோடு சொல்றதை விட அதிகமா தேனீ இருந்தா, குழுகிட்ட நானே பேசறேன்."

"திறந்தா சாகுதுன்னு சொல்ல, திறந்து பாத்துட்டு வரணுமா?"

"எண் இல்லாம நான் என்னத்தைப் பேசறது? எடை போட்டாவது பாருங்களேன்."

"எடை போட்டா தேன் எவ்வளவுன்னு தெரியும். தேனீ எவ்வளவுன்னு தெரியாது," என்று தேனீக்காரி சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் வகை. அதை அவளால் அறைந்து சாத்த முடியவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

கணக்குக்காரி உட்கார்ந்தே இருந்தாள். திறந்தால் ஒரு புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளி வம்சத்தைக் காப்பாற்றலாம். கிடைத்த நாளிலேயே கொல்லவும் செய்யலாம். திறக்காவிட்டால் குழுவின் கையில் இருப்பது அவளுடைய பழைய கோடு, வேனிலுக்கு முன்பே பூஜ்யத்தில் போய் இடிக்கும் கோடு. அவள் எழுதியது. அவள் பெயர் போட்டது.

"பழைய கோட்டை நான் திரும்ப எடுத்துக்கறேன் சார்," என்றாள்.

"என்னது?"

"அது தப்பு. திறந்ததோட பாதிப்பு அதுல இல்லை. இப்ப இருக்கற தரவை வெச்சு அந்த வம்சம் தாங்குமா தாங்காதான்னு சொல்ல முடியாது. அப்படியே எழுதிக் கொடுக்கறேன்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு வருஷமா சம்பளம் வாங்கிட்டு 'தெரியாது'ன்னு எழுதிக் கொடுப்பீங்களா? உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி இதே குழுகிட்டதான் நான் போய் நிக்கணும். அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"இருந்துமா?"

அவள் எழுந்துகொண்டாள். அறைக்குத் திரும்பி, எழுதி, இரண்டு முறை அழித்து, கடைசியில் அரைப் பக்கத்தில் முடித்து அனுப்பினாள். அவள் எழுதியதிலேயே சமன்பாடு இல்லாத முதல் அறிக்கை அது.

திங்கட்கிழமை குழு ஒன்றரை மணி நேரம் சலித்துக்கொண்டது. கோடு இல்லாமல் கைவிடவும் முடியவில்லை, வைத்துக்கொள்வோம் என்று சொல்லவும் முடியவில்லை. பூக்கள் வரட்டும், பெட்டி உயிரோடிருந்தால் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். கணக்குக்காரியின் ஒப்பந்தத்தையும் அதே வாக்கியத்திலேயே சேர்த்துத் தள்ளி வைத்தார்கள்.

செய்தி தெரிந்ததும் இருவரும் தோட்டத்துக்குப் போனார்கள். வெயில் இருந்தது, சூடு இல்லை. மூன்றாவது பெட்டியின் வாசலில் ஒரு தேனீயும் இல்லை. மற்ற பெட்டிகளின் வாசலிலும் இல்லை. இந்தக் குளிரில் எதுவும் வெளியே வராது.

தேனீக்காரி பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். குனிந்து பலகையில் காதை வைத்தாள். தெருவில் ஒரு லாரி போனது. நிமிர்ந்து லாரியைத் திட்டிவிட்டு மறுபடி காதை வைத்தாள்.

"கேக்குதாக்கா?"

"ஏதோ கேக்கற மாதிரி இருக்கு. என் காது இரைச்சலாவும் இருக்கலாம்." அவள் கை மூடியின் விளிம்புக்குப் போனது. லேசாக, ஒரு விரற்கடை மட்டும், உள்ளே எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

கணக்குக்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்க்கா."

"ஒரு நொடி."

"வேண்டாம்."

"நீயெல்லாம் எனக்குச் சொல்ற அளவுக்கு வந்துட்டே, பாரு." ஆனாலும் கையை இழுத்துக்கொண்டாள். இழுத்து, கம்பளிச் சட்டைப் பையில் ஆழமாக விட்டுக்கொண்டாள். "சரி, பெரிய கணக்குக்காரி ஆச்சே நீ. திறக்காம ஏதாவது கணக்குப் போட்டுச் சொல்லித் தொலையேன். உயிரோட இருக்கா, இல்லையா?"

"தெரியாதுக்கா."

"குத்துமதிப்பா?"

"குத்துமதிப்பாவும் தெரியாது."

"என்ன எழவு படிப்பு படிச்சே நீ!" என்றாள் தேனீக்காரி. சொல்லிவிட்டுப் போகவில்லை. பெட்டியின் மேல் காய்ந்து கிடந்த இலையை எடுக்கப் போனவள், அதிர்வு உள்ளே போய்விடுமோ என்று அதையும் எடுக்காமல் நின்றாள்.